கிள்ளான் சந்தையில் ஒரு கணையம்

கோலாலம்பூருக்கு ஆட்கள் பத்துமலை பார்க்கப் போவார்கள், மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் டேப்ரெக்கார்டர் வாங்கவாவது போவார்கள். நான் பன்றியின் கணையத்தைத் தேடிப் போனேன். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி, வந்த காரியம் என்ன என்று கேட்டார். "நண்பனைப் பார்க்க" என்றேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. இந்த மாதிரி பதில் சொல்வதில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

நண்பன் பெயர் நடேசன். மதுரையில் என்னோடு மருத்துவம் படித்தவன். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு எழுத்தர் வேலைக்கு வந்த குடும்பம், அன்றிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிதான். படிப்பு முடிந்து அவன் இங்கே அறுவை மருத்துவன் ஆனான், நான் மதுரையிலேயே ஆனேன். வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதிக்கொள்வோம். என்னுடைய கடைசிக் கடிதம் மட்டும் எட்டுப் பக்கம் இருந்தது. அதில் முருகையா என்ற ஒருவரைப் பற்றி எழுதியிருந்தேன்.

முருகையா லேத் பட்டறைத் தொழிலாளி. கணையத்தின் வால் பக்கத்தில் கட்டி. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற மெத்தென்ற உறுப்பு. நாம் தின்பதைச் செரிக்கிற நீர் அதில்தான் ஊறுகிறது. அந்த நீர் குடலுக்குப் போனால் நல்லது. வயிற்றுக்குள் கசிந்தால் நம்மையே செரிக்கப் பார்க்கும். ஆகவே கட்டியை வெட்டி எடுப்பது பெரிய காரியம் இல்லை, வெட்டிய முனையைக் கசியாமல் மூடுவதுதான் பெரிய காரியம். வெண்ணெயில் தையல் போடுகிற வேலை அது. நான் ஸ்டேப்ளர் வைத்து மூடினேன். காகிதத்துக்குப் பின் அடிக்கிற ஸ்டேப்ளருக்கு அது பெரியண்ணன். திருகைத் திருகினால் இரண்டு தாடைகளும் நெருங்கிச் சதையை அழுத்தும், பிறகு பிடியை அமுக்கினால் வரிசையாகப் பின் இறங்கும். மதுரையில் என் கை வேகத்துக்கு ஒரு பெயர் உண்டு. நான் அறுவை செய்யும்போது ஜூனியர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிறார்களா என்று நானும் பார்த்துக்கொள்வேன்.

இரண்டாம் நாளே முருகையாவின் வயிற்றில் வைத்திருந்த வடிகுழாயில் வந்த நீர் கலங்கியிருந்தது. கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நாலாம் நாள், உதடு காய்ந்து கிடந்த மனிதரைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் மனைவி தெய்வானை அரை டம்ளர் இளநீர் கொடுத்துவிட்டார். வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பது உத்தரவு. நர்ஸ் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் வார்டு பூராவும் கேட்டது. பன்னிரண்டாம் நாள் முருகையா இறந்தார். அந்த அம்மாள் வராந்தாவில் என்னை மறித்து, "நான் குடுத்த இளநியாலயா சார்?" என்று கேட்டார்.

இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் "இல்லை" என்று சொன்னால் அடுத்த கேள்வி "அப்ப எதனால?" என்று வரும். நான், "பல காரணம் இருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போனேன். அன்றிலிருந்து பத்து மாதமாக அந்தக் கேள்வி என் கூடவே இருக்கிறது. முருகையாவின் கணையம் அவ்வளவு மெத்தென்று இருந்ததா, அல்லது என் கை அவ்வளவு அவசரப்பட்டதா?

நடேசன் எழுதிய பதில் நாலே வரி. பன்றியின் கணையம் மனிதக் கணையத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இங்கே அது காலையில் சுடச்சுடக் கிடைக்கும். காலாவதியான ஸ்டேப்ளர் பின்கள் ஒரு பெட்டி சும்மா கிடக்கின்றன. வந்து அளந்து பார்த்துவிட்டுப் போ.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினேன். நடேசனின் மனைவி சிவகாமி இடியாப்பமும் சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு தலைமுறைக்கு முன் கடல் தாண்டிய யாழ்ப்பாணப் பேச்சு அந்த வீட்டில் இன்னும் கலையாமல் இருக்கிறது.

"வாங்கோ, களைச்சுப் போயிருப்பியள். முதல்ல சாப்பிடுங்கோ" என்றார். நான் நாலாவது இடியாப்பத்தில் இருக்கும்போது, "இவர் எல்லாம் சொன்னவர். உங்கட வேலைக்கு நான் குறுக்க நிக்க மாட்டன். ஆனா அந்தச் சாமான் வீட்டுப் படி ஏறப்படாது" என்றார்.

"போர்ட்டிகோவுல வச்சுக்கறோம் லா" என்றான் நடேசன். இந்த ஊரில் எந்தப் பேச்சுக்கும் ஒரு 'லா' வால் உண்டு.

"போர்ட்டிகோ பிறகு கழுவ வேணும்."

"நான் கழுவுறேன்."

"நீங்கள் கழுவினா நான் திரும்பக் கழுவ வேணும்" என்றார் சிவகாமி. மதுரையில் என் வீட்டில் நடக்கிற பேச்சுக்கும் இதற்கும் உச்சரிப்பு மட்டும்தான் வேறு.

மருத்துவமனை ஆய்வகத்தில் செய்யலாமே என்று கேட்டேன். அங்கே ஒரே குளிர்பெட்டி, பாதிப் பேர் முஸ்லிம்கள், அவர்கள் சாப்பாட்டு அறை பக்கத்திலேயே. பன்றியை அங்கே கொண்டுபோய் வைப்பது மரியாதை இல்லை என்றான் நடேசன். ஆனாலும் ஆய்வகப் பொறுப்பாளர் ஹாலிமிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை காலை நாங்கள் போனபோது அவர் மெல்லிய குழாய்கள், நீல மருந்து, மை ஒற்றும் தாள், மின்சாரத்தில் ஓடும் சின்னத் தராசு எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் கட்டித் தயாராக வைத்திருந்தார். தராசுக்கு மூன்று சுற்று பிளாஸ்டிக் உறை. "குழாய்களைத் திருப்பித் தர வேண்டாம். நான் பக்கத்தில் வந்து நிற்க முடியாது, வருத்தப்படாதீர்கள். ஆனால் என்ன முடிவு வந்தது என்று எனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும்" என்றார் மலாயில். எங்கள் ஊரில் ஒரு குழாய் கடன் வாங்க மூன்று கையெழுத்து வேண்டும்.

பக்கத்து ஊரான கிள்ளானின் சந்தையில் பன்றிக் கறிக்குத் தனிச் சுவர், தனி வாசல். சுவருக்கு இந்தப் பக்கம் மீன், காய்கறி, நம் ஆட்களின் மசாலாக் கடை. அந்தப் பக்கம் போனால் கொக்கி கொக்கியாகத் தொங்குகிறது. கடைக்காரப் பெண்மணி திருமதி லிம்முக்கு எங்கள் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். நடேசன் மலாயில் ஆரம்பித்தான்.

"தமிழ்ல பேசுங்க டாக்டர்" என்றார் அவர். "எங்கப்பா காப்பார் பக்கத்து எஸ்டேட் வாசல்ல மளிகைக் கடை வச்சிருந்தாரு. நான் சீன ஸ்கூல் போறதுக்கு முன்னாடியே தமிழ்ல சண்டை போட்டவ."

எங்களுக்கு வேண்டியதைச் சொன்னோம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்குச் சீனி வியாதி? உங்களுக்கா? இத சோளத்து முடி போட்டு சூப் வச்சுக் குடிங்க அண்ணே, நல்லாக் கேக்கும்."

கணையத்தின் கோளாறுதான் சர்க்கரை நோய் என்று கண்டுபிடிக்க எங்கள் மருத்துவ ஆட்களுக்கு எத்தனை காலம் பிடித்தது! இவர் கடைக்கு வருகிற கிழவிகள் அதைக் குழம்புக்குக் கேட்பது போலக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். மனதுக்குள் சிரித்துக்கொண்டு எட்டுத் துண்டு வாங்கினேன். சுவருக்கு இந்தப் பக்கம் மீன்கடைக்காரர் ஒரு ஐஸ் பெட்டியைக் கடனாகக் கொடுத்து நிறைய ஐஸும் அள்ளிப் போட்டார். "இந்த ஐஸ் சீக்கிரம் உருகாது டாக்டர்" என்றார். ஏன் உருகாது என்று இரண்டு டாக்டர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. யார் குளிர்பெட்டியையும் தொடாமல் காரியம் முடிந்ததே என்கிற நிம்மதியில் உறைகளை ஐஸுக்குள் ஆழப் புதைத்தோம்.

திரும்பும் வழியில், பெடரல் ஹைவேயில், சுபாங் ஜெயா திரும்புகிற இடத்துக்கு முன்னால் நடேசனின் பழைய கார் முக்கி முனகி ஆவி விட்டு நின்றது. பட்டறை ஆளுக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழை யோசித்து யோசித்துப் பெய்யும். இங்கே யோசனையெல்லாம் கிடையாது. மழை விட்டதும் மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். காரின் பின்பக்கத்திலிருந்து இளஞ்சிவப்பாக நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டியில் என்ன?" என்றார்.

நடேசன் முதலில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டான். பிறகு உள்ளது உள்ளபடி சொன்னான்: பன்றியின் உறுப்பு, மருத்துவ ஆராய்ச்சிக்கு.

போலீஸ்காரர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவ்வளவுதான். "இதைச் சொல்ல ஏன் பயப்படுகிறீர்கள்? உங்கள் வேலை உங்களுக்கு. திறந்து காட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ரேடியேட்டருக்கு ஊற்றத் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். கார் கிளம்ப மொத்தம் நாலு மணி நேரம் ஆனது.

ஐஸில் விறைத்துக் கிடந்த துண்டுகள் இளகியதும், போர்ட்டிகோ கம்பியில் உப்புநீர் பாட்டிலைத் தொங்கவிட்டோம். தண்ணீரில் நீல மருந்து கலந்திருந்தது. அதிலிருந்து வரும் குழாயைக் கணையத்தில் செரிமான நீர் ஓடும் நாளத்துக்குள் செருகிக் கட்டினோம். மறு முனையை ஸ்டேப்ளரால் மூடி வெட்டினோம். மூடிய முனைக்குக் கீழே மை ஒற்றும் தாள். ஐந்து நிமிடம் கழித்துத் தாள் எவ்வளவு கனத்திருக்கிறது என்று தராசில் பார்த்தால், கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். சில துண்டுகளைச் சட்டென்று அழுத்தி மூடுவது, சிலவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து நிமிடம் எடுத்து அழுத்தி மூடுவது. இதுதான் சோதனை.

எல்லாமே கசிந்தன. சட்டென்று மூடியதும் கசிந்தது, நிதானமாக மூடியதும் கசிந்தது. ஆறு துண்டு பார்த்தோம், ஆறு தாளும் நீலம். வித்தியாசமே இல்லை.

"கணையம்னா இப்படித்தான் லா" என்றான் நடேசன்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. என் கை இல்லை! சதைதான்! யார் மூடியிருந்தாலும் கசிந்திருக்கும்! பத்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். சிவகாமி இரண்டு முறை போர்ட்டிகோவைக் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணியாகிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு; சாம்பார் இனிக்கிறது என்று உரிமையோடு குறைப்பட்டேன். பரிமாறியவர், "இங்க அப்படித்தான் அண்ணே, ரெண்டு நாள்ல பழகிடும் லா" என்றார். டீயை ஆற்றுகிற உயரம் நம் ஊரை விட ஒரு முழம் கூடுதல். காஜாங் ஊரின் சாத்தே, அதாவது குச்சியில் சுட்ட கறி, சாப்பிடாமல் போகக் கூடாது என்று நடேசன் சாயங்காலத்துக்குத் திட்டம் போட்டான். போகும் முன் கிள்ளானில் ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

மிச்சம் இரண்டு துண்டு அந்தப் பெட்டியிலேயே கிடந்தன. அவற்றைத் தூக்கிப் போட இடம் கேட்கத் திருமதி லிம்மிடம் போனோம். கடை கழுவிக்கொண்டிருந்தவர் உறையைப் பிரித்து, துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"இத என்னா செஞ்சிங்க? உறைய வச்சிங்களா?"

"இல்லக்கா, சும்மா ஐஸ்ல வச்சோம்" என்றான் நடேசன்.

"மீன்காரர் ஐஸா? அதுல உப்புக் கொட்டிருப்பாரு. உப்பு போட்ட ஐஸு கல்லா உறைய வச்சிரும். உறைஞ்சு இளகின கறி தண்ணி விடும் டாக்டர், எத்தன கட்டு கட்டினாலும் நிக்காது. இது ரெண்டு தடவ செத்துப்போச்சு."

நானும் நடேசனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் சேர்த்து நாற்பது வருஷப் படிப்பும் பழக்கமும். உறைந்த திசுவில் செல்கள் உடையும் என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். உப்பு சேர்த்த ஐஸில்தான் கோடையில் குச்சி ஐஸ் செய்கிறார்கள் என்பதும் தெரியும். யார் மனமும் புண்படாமல் பன்றியைக் கொண்டுபோவது எப்படி என்று அத்தனை யோசித்தவர்கள், பன்றியைப் பற்றி யோசிக்கவில்லை.

வெளியே வந்ததும் நடேசன் கார்க் கதவைத் திறக்காமல் நின்றான். "மச்சான், நேத்து கிடைச்ச முடிவு செல்லாது. நாளைக்குக் காலையில மறுபடி பாக்கலாம், ஆறு ஏழு தடவைக்குப் பின் மிச்சம் இருக்கு. இல்ல, மலாக்கா சுத்திப் பாக்கப் போலாம். நீ சொல்றதுதான்."

மலாக்கா என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது. அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை. நேற்று சாயங்காலம் கிடைத்த நிம்மதி எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. செல்லாத முடிவு என்று எனக்கும் நடேசனுக்கும் மட்டும்தான் தெரியும். மதுரையில் யாரும் ஐஸைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. மலாக்கா அழகான ஊர் என்று வேறு சொல்கிறார்கள். பிறகு, அந்த வராந்தாவில் ஏறிய மாடிப்படி ஞாபகம் வந்தது. இன்னொரு முறை ஏறினால் இறங்கவே முடியாது என்று பட்டது.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கடை திறப்பாங்க?" என்றேன்.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் சந்தைக்குள் இருந்தோம். இந்த முறை எங்கும் கொண்டுபோகவில்லை. திருமதி லிம் மேசையின் ஒரு பாதியை ஒழித்துக் கொடுத்தார். பாட்டிலைக் கறி தொங்குகிற கொக்கியிலேயே மாட்டினோம். ஹாலிமின் தராசுக்கு அங்கே மின்சார இணைப்பு இல்லை. பக்கத்துத் தெரு சீன மருந்துக்கடைக்காரரை லிம் அழைத்து வந்தார். வேர்களையும் பட்டைகளையும் குன்றிமணி எடைக்கு நிறுக்கிற கைத்தராசு அவரிடம் இருந்தது. எது வேகமாக மூடியது, எது நிதானமாக மூடியது என்று அவரிடம் சொல்லவில்லை. தாளை மட்டும் கொடுத்தோம். நிறுத்துச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சிகரெட் பிடித்தார்.

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சீனத்தில் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். லிம் மொழிபெயர்த்தார்: "செத்த பன்னிக்கு எதுக்கு டிரிப்பு ஏத்துறாங்கன்னு கேக்கறான்."

வேகமாக மூடுகிற வேலை நடேசனுடையது. நிதானமாக மூடுகிறது என்னுடையது. திருகைக் கால் சுற்று திருப்புவேன், நிற்பேன், மறுபடி கால் சுற்று. அழுத்தம் கூடக் கூடச் சதையிலிருந்த நீர் மெல்லப் பின்வாங்கித் துண்டு மெலிந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஐந்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிதானமாக மூடியதில் ஒன்று கசிந்தது. மற்றவை காய்ந்த தாளையே கொடுத்தன. நடேசன் மூடியவை எல்லாம் நீலம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சட்டென்று அழுத்திய இடத்தில், பின் வரிசையை ஒட்டி, மேல்சவ்வு மயிரிழை மயிரிழையாகக் கிழிந்திருந்தது.

ஒரு துண்டு மிச்சம் இருந்தது. "இத நான் மூடறேன்" என்றேன். "தியேட்டர்ல மூடற மாதிரி."

கையுறையை மாற்றிக்கொண்டு, ஸ்டேப்ளரை வைத்து, ஒரே மூச்சில் திருகி, பிடியை அமுக்கி, வெட்டினேன். அழகாகத்தான் இருந்தது. கூட்டத்தில் யாரோ ஆகா என்றார்கள். பாட்டிலைத் திறந்துவிட்டான் நடேசன். பின் வரிசையின் நடுவில் நீலமாக ஒரு பொட்டு எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு தாளில் பரவியது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை விடப் பயமாக இருந்தது. முருகையாவுக்கு முன்னால் நான் மூடிய கணையங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

கோப்பிக் கடையில் உட்கார்ந்தபோது நடேசன் சொன்னான்: "பன்னி மனுசன் இல்ல லா. பத்துத் துண்டு கூட இல்ல. அவருக்கும் இதேதான் நடந்துச்சுன்னு எப்படி உறுதியாச் சொல்லுவே?"

"சொல்ல முடியாது. ஆனா இளநி இல்லன்னு அன்னைக்கே உறுதியாத் தெரியும்."

அவன் தன் பையிலிருந்து போன் கார்டை எடுத்து மேசையில் வைத்தான்.

முருகையாவின் கேஸ் ஷீட் நகல் என்னிடம் இருந்தது. அதில் முகவரிக்குக் கீழே பி.பி., அதாவது ஆளைக் கூப்பிட்டுத் தருவார்கள், என்று போட்டு ஒரு நம்பர். அவர்கள் வீட்டு எதிரில் உள்ள தையல்கடை. பிரிக்பீல்ட்ஸ் தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த போனில் அந்த நம்பரை அழுத்தினேன். தையல்காரர் "இருங்க, கூப்பிடுறேன்" என்று ரிசீவரை வைத்துவிட்டுப் போனார். தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. கார்டில் காசு கரைந்துகொண்டிருந்தது.

"யாரு? ஆஸ்பத்திரி டாக்டரா?" தெய்வானை மூச்சு வாங்கினார். "மறுபடி ஏதும் பேப்பர்ல கையெழுத்துப் போடணுமா சார்?"

"இல்லம்மா. அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்களே, அதுக்குப் பதில் சொல்லத்தான் பேசறேன். நீங்க குடுத்த இளநியால எதுவும் ஆகல. அதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே உள்ள கசிய ஆரம்பிச்சிருச்சு. எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப எதனால சார்?"

"வெட்டின எடத்த நான் அவசரமா மூடினேன். அதனாலதான்னு இப்ப நெனைக்கிறேன். முழுசா நிச்சயம் இல்ல. ஆனா உங்களால இல்லங்கறது நிச்சயம்."

மெஷின் சத்தம் நின்றிருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன்.

"சார், இத எம் மக கிட்டச் சொல்லுவீங்களா?" என்றார். "அப்பாவக் கொன்னுட்டியேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனவ. எங்கூடப் பேசி பத்து மாசமாச்சு. பேரன் பொறந்திருக்கானாம், நான் இன்னும் பாக்கல."

"சொல்றேன்மா. நம்பர் குடுங்க."

"போன்ல சொன்னா நம்ப மாட்டா. நேர்ல வரணும். திருமங்கலத்துல யூனியன் ஆபீஸ் ஸ்டாப்புல எறங்குனா மூணாவது வீடு. நான் கூட வர்றேன் சார். ஆனா உள்ள வர மாட்டேன், ஸ்டாப்புலயே நிக்கிறேன். நீங்க எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, அவ சரின்னு சொன்னா, என்னயக் கூப்பிடுங்க."